வயதானவர்களுக்கு வரும் வலிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி: நீலகிரி மலைக் குடும்பங்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும்

வலிப்பு என்றதும் ஆள் விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளுவதுதான் எல்லோர் கண்முன்னும் வரும். அறுபதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக வருகிற வலிப்பு பெரும்பாலும் அப்படி இருக்காது. பேச்சு பாதியில் நின்றுபோகும். கண் திறந்தே இருக்கும், பார்வை மட்டும் எங்கோ நிலைகுத்தி நிற்கும். வாய் எதையோ மெல்லும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற குழப்பம்தான் மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில்கூட நீடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு, மறதி" என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்துவிட்டால் "பிரஷர் இறங்கியிருக்கும்" என்று காபி போட்டுக் கொடுக்கிறார்கள்.

புதிதாக வலிப்பு நோய் தொடங்குவது குழந்தைப் பருவத்திலும் முதுமையிலும்தான் அதிகம். குழந்தைக்கு வந்தால் வீடே திரண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறது. பெரியவருக்கு வந்தால் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது. இத்தனைக்கும் முதுமையில் வரும் வலிப்பு, இளவயதில் வருவதைவிட மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது.

இந்த நோயை முடிவு செய்வதில் முதலிடம் நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்துக்குத்தான். ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் அதற்குப் பிறகுதான். மலையிலிருந்து கோவைக்கு அழைத்துப் போகும்போது கூட வருபவர் அந்தச் சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். மகன் வேலைக்குப் போயிருந்தபோது மருமகள் பார்த்தார் என்றால், மருமகள்தான் மருத்துவர் முன் உட்கார வேண்டும். வர முடியாவிட்டால் போனிலாவது பேச வேண்டும். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அடுப்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்துகிறார். டம்ளர் மெல்லச் சாய்ந்து காபி மடியில் வழிகிறது, சுடுவது அவருக்குத் தெரியவில்லை. உதடு சப்புக்கொட்டுகிறது. வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. இடது கை விறைத்தாற்போல் அசையாமல் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றரை நிமிடம் கழித்து ஒரு பெருமூச்சு. சுற்றும் முற்றும் பார்க்கிறார். "காபி யார் கொட்டினது?" என்கிறார். மத்தியானம் வரை கழிப்பறை எந்தப் பக்கம் என்று தடுமாறுகிறார். மாலையில் சரியாகிவிடுகிறார். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு இப்படித்தான் இருக்கும். விறைத்துப்போன அந்த இடது கை, கோளாறு வலது மூளையில் இருக்கலாம் என்று மருத்துவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று குணங்களைத் தேடுங்கள். திடீரென்று வர வேண்டும். சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும். அடுத்த முறையும் அச்சு அசலாக அதே மாதிரி வர வேண்டும். இந்த மூன்றாவதுதான் மிக வலுவான தடயம். மறதி நோய் உள்ளவர் எல்லா நாளும் ஓரளவு மறதியோடுதான் இருப்பார். நன்றாக இருந்தவர் நடுவில் மட்டும் "ஆளே இல்லாமல்" போய்த் திரும்புகிறார் என்றால் அது வேறு விஷயம். மறதி நோய் உள்ளவர்களுக்கு வலிப்பும் சேர்ந்து வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஏற்கெனவே அல்சைமர் என்று சொல்லப்பட்டவரிடமும் இதைக் கவனிக்க வேண்டும்.

தூக்கத்தில் வரும் வலிப்பை யாரும் பார்ப்பதில்லை. காலையில் தடயம் கிடைக்கும்: தலையணையில் ரத்தக் கறை, நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட காயம், நனைந்த படுக்கை, அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி. காரணமே தெரியாத தோள்பட்டை விலகல், முதுகெலும்பு நொறுங்கல் இரண்டில் எதைப் பார்த்தாலும் இரவில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

அதிகம் தவறவிடப்படும் இரண்டு வகைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, மறதியாக மட்டுமே வரும் வலிப்பு. தூங்கி எழுந்ததும் "இன்னைக்கு என்ன கிழமை, நாம எங்க இருக்கோம்" என்று அதே கேள்வியை அரை மணி, ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்பார். நடப்பார், பேசுவார், ஆளை அடையாளம் தெரியும்; அந்த நேரம் மட்டும் மனதில் பதியாது. சிலருக்கு இல்லாத வாடை ஒன்று மூக்கில் அடிக்கும். சில வாரத்துக்கு ஒருமுறை இது திரும்ப வரும்.

இன்னொன்று, முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் சேர்ந்து வெட்டென்று ஒரு இழு இழுத்து விடுவது. இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் ஒரு நாளில் பத்து, ஐம்பது தடவைகூட வரும். கையில் இருக்கும் பாத்திரம் நழுவும். இதோடு குணமாற்றம், ஞாபகக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறக்கம் சேர்ந்திருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற அழற்சியாக இருக்கலாம். இதற்கு வலிப்பு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. ஸ்டீராய்டு போன்ற சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் ஞாபகசக்தியைக் காப்பாற்றலாம். "கை நடுக்கம்" என்று இதை விட்டுவிடக் கூடாது.

நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் இருபது விநாடிகூடப் பத்து நிமிடமாகத் தெரியும். அடுப்பு, கணப்புச் சட்டி, படிக்கட்டு, தேயிலைச் சரிவின் விளிம்பு ஆகியவற்றிலிருந்து ஆளைத் தள்ளி வையுங்கள். இழுப்பு இருந்தால் தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. பெரியவர்களுக்குப் பல்செட் உடைந்து தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் வலிப்பு நிற்காது. தானாக அடங்குகிற நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம். நரம்பியல் மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கொண்டுபோக முடியாது. முகம் மட்டும் போதாது. கண், இரு கை, இரு கால் எல்லாம் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். போர்வையை விலக்கிவிடுங்கள். எடுக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், "கையைத் தூக்குங்க" என்று சொல்லுங்கள், "யானை" என்பது போல ஒரு சொல்லைச் சொல்லிவையுங்கள். தெளிந்த பிறகு "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டு அந்தப் பதிலும் வீடியோவில் வர வேண்டும். தெளிகிற விதம்தான் பல சமயம் நோயைச் சொல்லும். பலரும் இழுப்பு நின்றதும் வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள்.

நாடி பிடிக்கத் தெரிந்தவர் பிடித்துப் பார்க்கட்டும். நாடி மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ இருந்தால் அதை எழுதி வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். உதகை, குந்தா பக்கம் மார்கழிக் குளிரில் கருவி பிழை காட்டும், விறைத்த விரலில் ரத்தமும் வராது. கருவியை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றி, விரலைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பிதுக்கி எடுத்த ரத்தத்தில் எண் சரியாக வராது. 70-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. ஆள் தெளிவாக விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பு நீடித்தால் உயிராபத்து என்பது பொது விதி. மலையில் அந்த ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம். பெரியவருக்கு முதல் தடவை வலிப்பு வந்தால், வந்த உடனே 108-க்கு அழைத்துவிடுங்கள். வண்டி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வர வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்தோ ஹட்டியிலிருந்தோ ஆளைப் பாதைக்குத் தூக்கி வரவும் நேரம் பிடிக்கும்.

தெளிந்த பிறகு ஒரு பக்கக் கை காலில் பலம் இல்லாமல் இருந்தால், வலிப்புக்குப் பின் வரும் தற்காலிகச் சோர்வாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் மலைப்பாதையே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

எழுதி வைக்கும் முறை

"பாட்டிக்கு மயக்கம் வந்தது, கை கால் இழுத்தது" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: "காலை 6.40. கட்டிலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கவில்லை. தலை இடது பக்கம் திரும்பியது. கண் திறந்திருந்தது. இடது கை வெட்டியது, பிறகு முழு உடம்பும். முகம் கருத்தது. 6.42-க்கு நின்றது. குறட்டை போல மூச்சு. 7.15 வரை யாரையும் தெரியவில்லை. நாக்கின் இடது ஓரத்தில் கடி. சிறுநீர் போயிருந்தது. முதல் நாள் இரவு தூக்கம் இல்லை, சளிக்கு மாத்திரை போட்டிருந்தார்."

முதலில் எந்தப் பக்கம் அசைந்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, முகம் வெளுத்ததா கருத்ததா, எத்தனை நேரத்தில் ஆள் தெரிந்தது: இந்த நான்குக்கும் பதில் இருக்க வேண்டும். படுகர் பேச்சிலோ பணியர் பேச்சிலோ மலையாளத்திலோ எது வாய்க்கு வருகிறதோ அதில் சொல்லட்டும், சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். பணியாளர் அதை "ஃபிட்ஸ்" என்று சுருக்கி எழுதினால் விவரம் முழுவதும் அங்கேயே தொலைந்துவிடும். சந்தேகம் இருந்தால் "வலிப்பு" என்ற சொல்லையே எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுவது நல்லது. ஒருமுறை அந்தச் சொல் சீட்டில் ஏறிவிட்டால் அடுத்தடுத்த மருத்துவர்கள் அதையே நகல் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வலிப்பு போலவே இருக்கும், ஆனால் வலிப்பல்ல

முதுமையில் தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். இரண்டு பக்கமும் நடக்கிறது. வலிப்பை மயக்கம் என்று விடுவது ஒரு பக்கம். இதயக் கோளாறை வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பது இன்னொரு பக்கம். இரண்டாவது உயிரையே வாங்கும்.

மூளைக்கு ரத்தம் குறைந்து மயங்கி விழுபவருக்கும் கை கால் சற்று வெட்டும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மயக்கத்தில் அந்த வெட்டு விழுந்த பிறகு வரும், பெரும்பாலும் 15 விநாடிக்குள் முடிந்துவிடும், முகம் வெளுத்து வியர்த்திருக்கும், தரையில் கிடந்த ஒரு நிமிடத்துக்குள் ஆள் தெளிவாகப் பேசுவார். வலிப்பில் வெட்டு ஒன்றிரண்டு நிமிடம் போகும், தெளிவு மெதுவாகத்தான் வரும். சிறுநீர் போவது இரண்டிலும் நடக்கும் என்பதால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாக்கு நுனியில் கடி மயக்கத்திலும் உண்டு, பக்கவாட்டுக் கடிதான் வலிப்பைக் காட்டும்.

எந்த நிலையில் வந்தது என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும், கழிப்பறையில், கூட்டத்தில் வெகுநேரம் நின்றபோது வந்தால் ரத்த அழுத்த இறக்கம். இதை ஊரிலேயே சோதிக்கலாம்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தம் பாருங்கள், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். ரத்த அழுத்தம், சிறுநீர்ப்பை ஆகியவற்றுக்கான மாத்திரைகளைச் சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்தபடி எழாமல் இருந்தபோது வந்தால் இந்த விளக்கம் ஒத்துவராது.

ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியேறும்போதோ தேயிலைக் காட்டில் ஏற்றம் ஏறும்போதோ மயங்கி விழுந்தால் இதயத்தின் வால்வையும் மின்னோட்டத்தையும் பார்க்காமல் விடவே கூடாது. விழுமுன் படபடப்பு, குடும்பத்தில் திடீர் மரணம், மெதுவான நாடி இருந்தாலும் அப்படியே. ஈ.சி.ஜி. எடுக்காமல் வலிப்பு என்று எழுதப்பட்ட சீட்டை நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ஈ.சி.ஜி. வேண்டும், விதிவிலக்கே கிடையாது. அது சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும்.

சிறு பக்கவாதத்தில் பலம், பேச்சு, பார்வை ஆகியவை குறையும். வலிப்பிலோ அசைவு, வாடை, உணர்ச்சி என ஏதாவது ஒன்று கூடுதலாக வரும். எழுந்து நின்றால் மட்டும் ஒரு கை உதறி, உட்கார்ந்தால் நிற்கிறது, முகத்துக்குப் பரவவே இல்லை என்றால் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பைத் தேட வேண்டும். தூக்கத்தில் கத்தி, கை வீசி, எழுப்பினால் உடனே தெளிந்து கனவைச் சொல்கிறவருக்கு இருப்பது கனவுத் தூக்கக் கோளாறு. சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் பெரியவர்களைக் குழப்பத்தில் தள்ளும், ஆனால் அது நிமிடங்களில் வந்து போகாது. காய்ச்சலோ சர்க்கரையோ காரணம் சொல்லாத குழப்பம் ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்தால், வெளியே தெரியாமல் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம். அதை இ.இ.ஜி. மட்டுமே காட்டும், அவசரமாக எடுக்க வேண்டும்.

மலைக்கே உரிய ஒன்று: குளிருக்காக மூடிய அறையில் கணப்புச் சட்டியில் கரி போட்டுப் படுப்பது. கரியிலிருந்து வரும் புகையில்லாத நச்சுக்காற்று (கார்பன் மோனாக்சைடு) தலைவலி, வாந்தி, குழப்பம், மயக்கம் ஆகியவற்றோடு வலிப்பையும் தரும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இதில் அளவு சரியாக இருப்பது போலவே காட்டி ஏமாற்றும். கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவந்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோங்கள்

பெயர் எழுதிக்கொண்டு போனால் போதாது. அட்டை, பாட்டில், நாட்டு மருந்துப் பொட்டலம், மூட்டுவலி எண்ணெய் எல்லாம் பையோடு போக வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்தார் வயநாட்டு மருத்துவமனைகளுக்கும் போவதால் மூன்று நான்கு இடத்துச் சீட்டு இருக்கும், எல்லாவற்றையும் எடுங்கள்.

முழங்கால் வலிக்கு டிரமடால், மூச்சிரைப்புக்குத் தியோபிலின் கலந்த மாத்திரை, சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், காசநோய்க்கு ஐசோநியாசிட், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின்: இவை வலிப்பைத் தூண்டக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் எளிதாகத் தூண்டும். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் சோடியத்தை இறக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சர்க்கரையை இறக்கும். சரியாகச் சாப்பிடாத நாளில் முழு மாத்திரை போட்டால் விடியற்காலையில் வலிப்பே வரும். அல்பிரசோலம், குளோனாசெபம் போன்ற தூக்க மாத்திரையை வருடக்கணக்கில் போட்டு, தீர்ந்துபோனதால் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். சாராயமும் அப்படித்தான்: கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் முதலில் குடியைப் பற்றிக் கேளுங்கள். கௌரவம் பார்த்து மறைப்பார்கள், தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது நம் மலையின் தைலம். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவத்தில் பதிவான உண்மை. சர்க்கரையில் சொட்டு விட்டு விழுங்குவது ஆபத்து. நெஞ்சில் தேய்த்தும் ஆவி பிடித்தும் வலிப்பு வந்ததை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீலகிரியில் தைல பாட்டில் இல்லாத வீடு ஏது? அதனால் இங்கே இதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. "தைலம் போட்டீங்களா, எப்போ, எவ்வளவு?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தைலத்தைத் தொட்டபோது மட்டும் வந்தது என்றால் அதை நிறுத்துவதே சிகிச்சையாக இருக்கலாம்.

கேரட், உருளை, முட்டைக்கோஸ் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த நாளா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய சோதனைகள்

கோவைக்கு இறங்குமுன் குன்னூர் அரசு லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள், உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அருகில் எது இருக்கிறதோ அங்கே ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் முடித்துவிடுங்கள். சர்க்கரை, சோடியம், கால்சியம், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியாட்டினின், கல்லீரல், ரத்த அணுக்கள் வேண்டும். தைராய்டும் பி12-ம் சேர்த்துக்கொள்ளலாம். வலிப்பு வந்த அன்றே எடுத்தால்தான் எண் பேசும். மூன்று நாள் கழித்து எடுத்த சோடியம் சரியாக இருப்பதில் பொருளில்லை.

எண்ணைப் படிப்பதிலும் அளவு தெரிய வேண்டும். சோடியம் 115-க்குக் கீழோ சர்க்கரை 36-க்குக் கீழோ இருந்தால் வலிப்புக்கு அதுவே காரணம் என்று கொள்ளலாம். சோடியம் 128 என்றால் அதன் மேல் மட்டும் பழி போட்டு மற்றதைத் தேடாமல் விடக் கூடாது. சர்க்கரை மிக ஏறினாலும் ஒரு கை மட்டும் விட்டுவிட்டு வெட்டும். நீரிழிவு இருப்பதே அப்போதுதான் தெரியவரும் வீடுகளும் உண்டு. "மக்களைத் தேடி மருத்துவம்" தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்த்த அழுத்தம், சர்க்கரைக் குறிப்பு இருந்தால் அதுவும் உதவும். பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது நீலகிரியில் நீண்டகாலமாகத் தெரிந்ததே. அந்த நோய் பக்கவாதத்தைத் தரக்கூடியது என்பதால், அட்டை இருந்தால் காட்டுங்கள்.

இ.இ.ஜி.யும் ஸ்கேனும்

பெரியவர்களுக்கு முதல் இ.இ.ஜி.யில் வலிப்பு அலை தெரிவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். அது சரியாக வந்ததால் வலிப்பு இல்லை என்று ஆகாது. மறுபக்கமும் உண்டு: வயதானால் நெற்றிப்பொட்டுப் பகுதியில் அலை மெதுவாவதும், கூரான சில அலைகள் தோன்றுவதும் இயல்பு. ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு வலிப்பு போலவே தோன்றி, ஒன்றுமே செய்யாத அலைத்தொடரும் வரும். சம்பவ விவரம் பொருந்தாமல் இ.இ.ஜி. தாளை மட்டும் வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுவது தவறு.

வலிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பலன் அதிகம். மலையிலிருந்து அது எல்லோருக்கும் நடக்காது. தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஓரளவு ஈடாகும். முதல் நாள் இரவு தலைக்குக் குளித்துவிட்டு, காலையில் எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கும் பாட்டிமாரிடம் இதை இருமுறை சொல்லுங்கள், எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது. சாப்பிட்டுவிட்டே போகலாம், வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது. இறக்கத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரை, தூக்க மாத்திரை போட்டிருந்தால் அங்கே சொல்லுங்கள், இவை பதிவை மாற்றும். வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள். இதய நோயோ அண்மையில் பக்கவாதமோ இருந்தால் முன்கூட்டியே சொன்னால் அதை விட்டுவிடுவார்கள்.

ஸ்கேன் வலிப்புக்கான காரணத்தைத் தேடுகிறது. அவசரத்தில், தலையில் அடிபட்டிருந்தால், சி.டி. போதும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போடுபவர் குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து வலிப்பு வந்தால், மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தத்தைத் தேட வேண்டும். மற்றபடி எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது. பழைய பக்கவாதத் தழும்பு, கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழு முட்டையால் வரும் கட்டி எல்லாம் அதில் தெரியும். கால்சியம் படிந்து கெட்டியான பழைய புள்ளி சி.டி.யில்தான் துலங்கும்.

எம்.ஆர்.ஐ.க்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி அசையாமல் படுக்க வேண்டும். உலோகம் கூடாது. மூக்குத்தியை நாற்பது வருடமாகக் கழற்றாத பாட்டிக்கு அது அங்கே போய்க் கழலாது. முதல் நாளே வீட்டில் எண்ணெய் விட்டுத் திருகிப் பாருங்கள். மெட்டி, தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, அரைஞாணில் கட்டிய தாயத்து, பல்செட் எல்லாம் கழற்ற வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டாமல் அறைக்குள் நுழையவே கூடாது. முன்பதிவு எந்தக் கிழமை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று போனில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு பெரியவரை வீணாக ஒருமுறை மலையிறக்கி ஏற்றுவது சின்ன விஷயமில்லை.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது

உலக வலிப்பு எதிர்ப்பு அமைப்பு 2014-இல் வகுத்த விதிப்படி, தூண்டுதல் ஏதுமின்றி 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் அது வலிப்பு நோய். ஒரே நாளில் மூன்று முறை வந்தாலும் அது ஒன்றாகவே கணக்கு. ஒரே முறை வந்திருந்தாலும், அடுத்த பத்து ஆண்டில் திரும்ப வரும் வாய்ப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நோய் என்றே கொள்ளப்படும். பெரியவர்களுக்கு இந்த இரண்டாம் விதிதான் அடிக்கடி பொருந்தும். பக்கவாதம் வந்த ஏழு நாளுக்குள் வரும் வலிப்பு அந்தப் பக்கவாதத்தின் உடனடி விளைவு. பெரும்பாலும் நீண்டகால மாத்திரை தேவைப்படாது. ஏழு நாளைத் தாண்டி, மாதங்கள் கழித்து ஒருமுறை வந்தால் அதுவே வலிப்பு நோய். ஆகவே பக்கவாதம் வந்த தேதி உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

"மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், நின்றால் வலிப்பு" என்பது சோதனை ஆகாது. மயக்கமும் மாதக்கணக்கில் தானாக வராமல் இருக்கும். சந்தேகம் மீதமிருந்தால், பதிவுகளைத் தொடர்ந்து எழுதிக் காத்திருப்பதோ, படுக்கையில் வைத்து வீடியோவோடு சேர்த்து நீண்ட இ.இ.ஜி. எடுப்பதோதான் வழி.

நோய் உறுதியானால் பெரியவர்களுக்கு லெவெடிராசிட்டம் அல்லது லாமோட்ரிஜினைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே வழக்கம். லெவெடிராசிட்டத்துக்கு கிரியாட்டினின் எண் வேண்டும். எரிச்சலும் கோபமும் கூடினால் சொல்லுங்கள். லாமோட்ரிஜினில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃபெனிடாய்ன் மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அளவு சற்றுக் கூடினாலே நடை தள்ளாடும், படியும் சரிவுமான ஊரில் அது இடுப்பெலும்பை உடைக்கும். கார்பமாசெபைன் சோடியத்தை இறக்கும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தோடு மோதும். ஏற்கெனவே இவற்றைப் போட்டு வலிப்பின்றி நலமாக இருப்பவர் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது, சட்டென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரக்கூடும். தொலைவான குக்கிராமமாக இருந்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை நிமிடத்தில், எத்தனை முறை அடிப்பது என்பதை எழுதி வாங்குங்கள்.

ஜீப்போ பிக்கப்போ ஓட்டுபவர் சந்தேகம் எழுந்த நாளிலேயே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அடுப்படி வேலையும் தனியாகக் குளத்தில் துணி துவைப்பதும் அப்படியே. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்துப் போகும்போது பழைய வீடியோ, புதிய சம்பவப் பதிவு, கடைசியாக எடுத்த சோடியம், கிரியாட்டினின் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். சரியான மாத்திரையைச் சரியாகப் போட்டும் சம்பவங்கள் குறையவில்லை என்றால், அளவை ஏற்றச் சொல்லுமுன் "இது வலிப்புதானா, இதயத்தைத் திரும்பப் பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.